குடும்பத்தோட கராத்தே, சிலம்பம் கத்துக்கிறவங்க இருக்கீங்களா? (பாண்டி / கடலூர்)

லாஸ்பேட்டை_வாசி:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க. பையனுக்கு 9 வயசு, வீட்டுக்குப் பக்கத்துலயே கராத்தே போறான், இப்ப ஆரஞ்சு பெல்ட். பொண்ணுக்கு 13. வாரத்துல மூணு நாள் சாயங்காலம் இவனைக் கொண்டுபோய் விட்டுட்டு கிளாஸ் முடியுற வரைக்கும் நான் வாசல்ல ஸ்கூட்டில உக்காந்து போனை நோண்டிட்டு இருப்பேன், என்னை மாதிரியே இன்னும் ஏழெட்டு அம்மாங்க, ரெண்டு மூணு அப்பாங்க. போன வாரம் மாஸ்டர் வெளிய வந்து "சும்மாதானம்மா உக்காந்திருக்கீங்க, உள்ள வந்து நீங்களும் பண்ணுங்க, குடும்பமா சேர்ந்தா பீஸ் குறைச்சுக்கலாம்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அதுலேருந்து மண்டைக்குள்ள இதே ஓடிட்டு இருக்கு.

எனக்கு 39. தைராய்டு மாத்திரை போடுறேன். படி இறங்குனா முட்டி கடகடன்னு சத்தம் போடுது. வீட்டுக்காரர் இங்க பாண்டி மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல கம்பெனி வேலை, ஷிப்ட். அத்தைக்கு 66, நல்லாதான் நடக்குறாங்க, அவங்களையும் கூட்டிட்டுப் போலாமான்னு ஒரு ஆசை. பொண்ணுகிட்ட சொன்னதும் "நீ அந்த வெள்ளை டிரெஸ் போட்டு அங்க வந்து நின்னா நான் இந்த ஊர விட்டே ஓடிடுவேன்"னுட்டா.

சின்னப் பசங்களும் பெரியவங்களும் ஒண்ணா பண்றது சரியா வருமா, இல்ல மாஸ்டர் காசுக்கு சொல்றாரா? கராத்தேவா சிலம்பமா? இந்த வயசுல முட்டி தாங்குமா? யாராவது நிஜமா குடும்பத்தோட பண்றவங்க இருந்தா சொல்லுங்க, "சூப்பர் மேடம் பண்ணுங்க"ன்னு மட்டும் போட்டுட்டுப் போகாதீங்க.

முத்தியால்பேட்டை_மைனர்:
சூப்பர் மேடம் பண்ணுங்க 😂

பின்குதிகால்:
ரெட்டியார்பாளையத்துலேருந்து எழுதுறேன். நான், என் பையன், சின்னப் பொண்ணு மூணு பேரும் ஷோட்டோகான் கராத்தே. பசங்க ரெண்டு பேரும் எனக்கு முன்னாடியே சேர்ந்தவங்க, நான் அப்புறம் போனவன், அதனால கிளாஸ்ல அவங்க ரெண்டு பேரும் எனக்கு சீனியர். இதை முதல்லயே ஜீரணம் பண்ணிக்கிட்டா மத்ததெல்லாம் சுலபம்.

கிளாஸ்ல வரிசை வயசு பாத்து நிக்காது, பெல்ட் பாத்துதான் நிக்கும். முன்னாடி பழுப்பு, அப்புறம் ஊதா, பச்சைன்னு போய் கடைசில வெள்ளை. நான் தொப்பையோட கடைசி வரிசைல, எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணாங்கிளாஸ் ரெண்டாங்கிளாஸ் வாண்டுங்க. என் பையன் முன்னாடி நிப்பான். ஹையான் ஷோடான்னு முதல் கட்டா (வரிசை மாறாம பண்ற அசைவுத் தொகுப்பு) ஒண்ணு இருக்கு, மொத்தம் 21 அசைவு, இடது பக்கம் திரும்பி கீழ ஒரு தடுப்பு, ஒரு எட்டு வச்சு ஒரு குத்து, அப்புறம் அப்படியே பின்னாடி சுத்தணும். அந்த சுத்துற எடத்துல நான் எப்பவும் பின்கால் குதிகாலைத் தூக்கிடுவேன். மாஸ்டர் என் பையன்கிட்ட "போய் சரி பண்ணு"ன்னார். அவன் வந்து ஒண்ணுமே பேசல, தன் கால் கட்டைவிரலால என் குதிகாலை ரெண்டு தட்டு தட்டி தரைல அழுத்திட்டு, இடுப்பு பெல்ட்டைப் புடிச்சு முன்னாடி திருப்பி விட்டுட்டு, அவன் எடத்துக்குப் போயிட்டான். வீட்ல ஹோம்வொர்க்குக்கு நான் அவன்கிட்ட கத்துற கத்துல பாதி கூட அவன் என்கிட்ட காட்டல.

நான் சொல்ல வந்தது ஒண்ணுதான். உள்ள போனா நீங்க அம்மா கிடையாது. "முதுகை நிமித்து", "மாஸ்டர் சொல்றதைக் கேளு", "தண்ணி குடிச்சியா" எதுவும் வாய்ல வரக்கூடாது. பையன் தப்பா பண்ணா அது மாஸ்டர் பாடு. வர்ற வழியில வண்டிலயும் அதைப் பத்தி பேசக்கூடாது, அவனா பேசுனா பேசுங்க. இது முடியும்னா சேருங்க. முடியாதுன்னா வாசல்லயே உக்காந்துடுங்க, அவனாவது சந்தோஷமா பண்ணட்டும்.

கணக்குப்புள்ளை:
நல்லா பேசுறாங்க எல்லாரும். காசு கணக்கை யாரும் சொல்லல பாருங்க. "குடும்பமா சேர்ந்தா டிஸ்கவுண்ட்"ங்கிறது மாசப் பீஸ்ல மட்டும்தான். பெல்ட் டெஸ்ட் பீஸ் தலைக்கு தலை தனி. நாலு பேர் சேர்ந்தா நாலு டெஸ்ட், நாலு சர்டிபிகேட், நாலு டிரெஸ், அப்புறம் ஏதாவது ஒரு ஊர்ல "அகில இந்திய" டோர்னமெண்ட், அதுக்கு நாலு என்ட்ரி, வேன் வாடகை. கராத்தேல பெல்ட் படிக்கு கியூன்னு பேரு, 10-வது கியூல ஆரம்பிச்சு 1-வது கியூ வரைக்கும் எண்ணிக்கை இறங்கிட்டே வரும், அப்புறம்தான் டான், அதாவது பிளாக் பெல்ட் படி. எத்தனை தடவை பணம் கட்டணும்னு நீங்களே கூட்டிப் பாத்துக்கங்க.

சேர்றதுக்கு முன்னாடி கூச்சப்படாம கேளுங்க, டெஸ்ட் எத்தனை மாசத்துக்கு ஒருதடவை, எவ்வளவு, பெயிலாக்குவீங்களா மாட்டீங்களா. யாரையுமே பெயிலாக்காத எடம்னா அது கடை. ஒழுங்கா சொல்லிக்குடுக்குற எடத்துல பிளாக் பெல்ட்டுக்கு நாலஞ்சு வருஷம் ஆவும், ஒன்றரை வருஷத்துல கட்டி விடுறேன்னா திரும்பிப் பாக்காம வந்துடுங்க. டேக்வாண்டோ சேர்த்தா இன்னொண்ணு பாக்கணும், சியோல்ல குக்கிவோன்னு இருக்கு, அங்கேருந்து வர்ற சர்டிபிகேட்தான் உலகம் முழுக்க செல்லும், 15 வயசுக்குக் கீழ இருக்குற பசங்களுக்கு அவங்க டான் குடுக்கமாட்டாங்க, பூம்னு தனியா ஒண்ணு குடுப்பாங்க. எட்டு வயசுப் பையனுக்கு எவனாவது குக்கிவோன் டான்னு சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க.

எங்க வீட்ல நானும் தம்பி பசங்களுமா ஒரு எடத்துல சேர்ந்தோம், பேர் வேணாம். ஆறு மாசப் பணம் மொத்தமா வாங்கிட்டு ரெண்டாவது மாசமே ஷட்டரை இழுத்துட்டாங்க. மாசா மாசம் கட்டுங்க, அவ்ளோதான்.

ஓ_டி_காரன்:
கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்). நம்ம பக்கம் சிலம்பம் இருக்கும்போது ஜப்பான்காரன் எதுக்குன்னு கேக்க மாட்டேன், பயப்படாதீங்க. ஆனா குடும்பமா பண்றதுக்கு சிலம்பம் நல்லா ஒத்துவரும்னு நான் நினைக்கிறதுக்குக் காரணம் இருக்கு.

முதல்ல, ஒருத்தர ஒருத்தர் தொட வேண்டிய அவசியமே இல்ல. ஆளுக்கொரு கம்பு, ஆளுக்கொரு வட்டம். கம்பு நீளமும் கை நீளமும் விட்டுத்தான் நிக்கணும், அதனால அஞ்சு வயசுப் பாப்பாவும் ஐம்பது வயசு ஆளும் ஒரே மைதானத்துல பக்கத்துப் பக்கத்துல சுத்தலாம், வெயிட் வித்தியாசம் ஒண்ணும் பண்ணாது. ரெண்டாவது, கம்பு ஆளுக்கேத்த அளவு. நேரா நிமிந்து நின்னா நம்ம நெத்தி உயரத்துக்கு வரணும், பசங்களுக்கும் அவங்க நெத்திதான் அளவு, அப்பா கம்பை பையன்கிட்ட குடுத்தா மணிக்கட்டு வீங்கிடும். கத்துக்கிற காலத்துல பிரம்பு வாங்குங்க, கொஞ்சம் வளையும், சிம்பு கெளம்பாது. கல்மூங்கில் அப்பால பாத்துக்கலாம்.

எங்க ஆசான் வர்றவங்களுக்கு முதல்ல கம்பே குடுக்க மாட்டார். வணக்கம் போடுறது, அப்புறம் காலடிதான். மணல்ல கோடு போட்டுட்டு அதுமேல எட்டு வைக்கணும், முன்னாடி, பின்னாடி, திரும்பி, தாவி. தேவனாம்பட்டினம் பக்கம் காலைல அஞ்சரைக்கு மணல்ல நடக்குது, வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுடுவோம். மணல்ல காலடி போட்டா கெண்டைச்சதை பாடம் படிச்சுடும். கம்பு கைக்கு வந்தப்புறம் ஒத்தக்கை வீச்சு, ரெண்டு கை வீச்சு, முன்னாடி பின்னாடி சுத்துறது, அப்புறம் இரட்டைக் கம்பு. மான்கொம்பு, சுருள்வாள் மாதிரி ஆயுதம் எல்லாம் ரொம்ப நாள் தள்ளி, சுருள்வாள் குடும்பத்தோட பண்ற சமாச்சாரமும் இல்ல.

பீஸும் கம்மி. டிரெஸ் ஒரு டி-ஷர்ட், ஒரு டிராக் பேண்ட். மாசி மகத்துக்கு சாமி கடற்கரைக்கு வரும்போது பசங்க முன்னாடி சுத்துவாங்க, அன்னிக்கு அப்பாங்க முகத்தைப் பாக்கணுமே. பசங்க படிப்புக்கு ஏதாவது உதவுமான்னு கேட்டா, 2024 ஜனவரில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுல சிலம்பத்தை செயல்விளக்கப் போட்டியா வச்சாங்க, தமிழ்நாடு அரசு வேலைல விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டுலயும் சிலம்பம் உண்டு. ஆனா அது தமிழ்நாட்டுக்கு. பாண்டிக்காரங்க உங்க கவர்மெண்ட் ரூலைத் தனியா விசாரிச்சுக்கணும். இதுக்காகவே சேர்க்காதீங்கன்னும் சொல்லிடுறேன்.

லாஸ்பேட்டை_வாசி:
பின்குதிகால் சார், உங்க பேருக்கு அர்த்தம் இப்பதான் புரியுது. வண்டில பேசக்கூடாதுங்கிறதுதான் எனக்கு கஷ்டமா இருக்கும் போல, நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள வீடே வந்துடும்.

ஓ.டி. அண்ணா, சிலம்பம் வீட்ல எங்கண்ணா சுத்துறது? எங்களுது ரெண்டு பெட்ரூம் பிளாட், நெத்தி உயரக் கம்பை ஹால்ல சுத்துனா பேன் றெக்கை, டியூப்லைட், டிவி மூணும் காலி. அப்புறம் அத்தைகிட்ட கேட்டேன். "நான் பாட்டுக்கு காலைல கோயிலுக்குப் போறேன், வர்ற வழில பூ வாங்குறேன், நாலு பேரைப் பாக்குறேன், என்னை எதுக்குடி இழுக்குற"ன்னாங்க. அதோட அந்த அத்தியாயம் முடிஞ்சுது.

ஓ_டி_காரன்:
வீட்ல சுத்தாதீங்க. மொட்டை மாடி, இல்லன்னா காலைல பீச் ரோடு. சாயங்காலம் ஆறுலேருந்து காலைல ஏழரை வரைக்கும் வண்டி விடமாட்டாங்க இல்ல, அதுல கூட்டம் இல்லாத பக்கமா பாத்து காலடி மட்டும் போடுங்க. கம்பு அங்க வேணாம், வாக்கிங் போற தாத்தா மூஞ்சில பட்டுதுன்னா வம்பு. ஹால்ல ஒரு முழக் குச்சி வச்சு மணிக்கட்டு சுழற்சி மட்டும் பண்ணலாம்.

அத்தை சொன்னது நியாயம்தான்.

எலும்புக்கூடு_வைத்தியம்:
நான் பிசியோதெரபிஸ்ட், பாண்டிலதான் வேலை. முட்டி விஷயத்துக்கு மட்டும் வர்றேன்.

சத்தம் மட்டும் வருது, வலி இல்ல, வீக்கம் இல்லன்னா பெரும்பாலும் பயப்பட ஒண்ணும் இல்ல. வீங்குது, மடக்கி நீட்டும்போது சிக்கிக்குது, நடக்கும்போது திடீர்னு விட்டுக்குடுக்குதுன்னா முதல்ல டாக்டர், அப்புறம் கராத்தே. தைராய்டு கட்டுக்குள்ள இல்லன்னா சதை வலி, பிடிப்பு அதிகமா இருக்கும், அதனால சேர்றதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துடுங்க, அப்புறம் எல்லாத்துக்கும் கராத்தே மேல பழி போடாம இருக்கலாம்.

கராத்தேல முன்கால் மடக்கி நிக்கிறதும் சரி, குதிரை மேல உக்காந்த மாதிரி நிக்கிறதும் சரி, பசங்க கீழ இறங்குற அளவு நீங்க இறங்காதீங்க. முட்டி உள்பக்கமா சாயக்கூடாது, கால் ரெண்டாவது விரலுக்கு நேரா இருக்கணும், கண்ணாடி முன்னாடி நின்னு பாத்தா தெரிஞ்சுடும். டைல்ஸ் தரைல வெறுங்கால்ல குதிக்கிறதுன்னா வேணாம்னு சொல்லிடுங்க, மேட் இருக்கான்னு பாருங்க. ஆரம்பத்துல உதை எல்லாம் இடுப்பு உயரத்துக்குக் கீழதான்.

இன்னொண்ணு, இதை யாரும் கேக்கமாட்டாங்க, நானே சொல்றேன். ரெண்டு பிரசவம் ஆன பொம்பளைங்க நிறைய பேருக்கு குதிச்சா, "கியாய்"னு அடிவயித்துலேருந்து கத்துனா சிறுநீர் சொட்டும். அதனாலேயே ரெண்டு கிளாஸோட நின்னு போனவங்க எத்தனையோ பேர், காரணத்தை யார்கிட்டயும் சொல்லமாட்டாங்க. இடுப்புத் தளத்துக்குன்னு பயிற்சி இருக்கு, பண்ணா நல்லாவே குறையும். அசிங்கம்னு மறைக்காம பிசியோகிட்டயோ மகப்பேறு டாக்டர்கிட்டயோ சொல்லுங்க.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்ன கணக்குப்படி பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150-லேருந்து 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி, கூடவே ரெண்டு நாள் தசைக்கு வேலை. 5-லேருந்து 17 வயசுப் பசங்களுக்கு தினம் சராசரியா 60 நிமிஷம். வாரம் மூணு கிளாஸ் போனா உங்க கணக்கு முடிஞ்ச மாதிரிதான், பையனுக்கு அது பத்தாது, தெருவுல ஓடட்டும். அத்தை கோயிலுக்கு நடக்குறது நல்லது, ஆனா 65 தாண்டினவங்களுக்கு வாரம் மூணு நாள் பேலன்ஸ் பயிற்சியும் சேர்த்து சொல்றாங்க. தாய்ச்சின்னு சீனாக்காரங்க மெதுவா பண்ற பயிற்சி அதுக்கு ரொம்ப நல்லது, வயசானவங்க கீழ விழுறதைக் குறைக்குதுன்னு ஆராய்ச்சிகள் இருக்கு. இல்லன்னா கிச்சன் மேடையைப் புடிச்சுக்கிட்டு ஒத்தக்கால்ல நிக்கச் சொல்லுங்க, சாம்பார் கொதிக்கிற நேரம் போதும்.

மைனா_அம்மா:
13 வயசுப் பொண்ணு சமாச்சாரத்துக்கு யாரும் பதில் சொல்லல. எனக்கும் அதே வயசுல ஒருத்தி இருக்கா, வில்லியனூர்.

அவளை உங்க கிளாஸ்ல சேர்க்காதீங்கக்கா. குடும்பமா பண்றதுன்னா நாலு பேரும் ஒரே கூரைக்குக் கீழ ஒரே நேரத்துல நிக்கணும்னு யார் சொன்னது? அந்த வயசுல உடம்பு மாறுற நேரம், கூட பசங்க இருப்பாங்க, அதுல அம்மா வேற பாத்துட்டு இருந்தா எந்தப் பொண்ணும் கால் தூக்கமாட்டா. தனி பேட்ச், முடிஞ்சா தனி கலை. என் பொண்ணு டேக்வாண்டோ, நான் வேற எடத்துல வேற நேரம். ராத்திரி தோசை ஊத்தும்போது அவ கிச்சன்ல வந்து நின்னு "இந்தக் கிக் வரமாட்டேங்குதும்மா"ன்னு காட்டுவா, நான் என்னோடதைக் காட்டுவேன், ரெண்டும் கேவலமா இருக்கும், சிரிச்சுப்போம். ஒரே கிளாஸ்ல இருந்திருந்தா அது நடந்திருக்காது.

அப்புறம் எடம் பாக்கும்போது பெல்ட் கலர் பாக்காதீங்க, கதவைப் பாருங்க. கிளாஸ் நடக்கும்போது கதவு திறந்திருக்கா, பெத்தவங்க எப்ப வேணா உள்ள வந்து உக்காரலாமா, பொம்பள மாஸ்டரோ சீனியர் பொண்ணுங்களோ இருக்காங்களா, பொசிஷன் சரி பண்ணும்போது சொல்லிட்டுத் தொடுறாரா. "பேரண்ட்ஸ் நாட் அலவுட்"னு போர்டு இருந்தா அந்தத் தெருவுக்கே போகாதீங்க. டோர்னமெண்டுக்கு வெளியூர் கூட்டிட்டுப் போனா கூட யாராவது ஒரு அம்மா கண்டிப்பா போகணும். 1098 குழந்தைங்களுக்கான உதவி எண், பொண்ணுக்கும் பையனுக்கும் மனப்பாடமா தெரியணும்.

கணக்குப்புள்ளை:
மைனா அம்மா சொன்னது நூத்துக்கு நூறு. அதோட சேர்த்து, "தற்காப்பு" வியாபாரத்தையும் நம்பாதீங்க. பத்து வயசுப் பொண்ணு மஞ்சள் பெல்ட்டை வச்சுக்கிட்டு ஒரு வளந்த ஆம்பளையை அடிச்சுட முடியாது. கத்துறது, ஓடுறது, 112-க்குப் போன் பண்றது, இதுதான் தற்காப்பு. அதைச் சொல்லிக்குடுக்குற மாஸ்டர் இருந்தா அவர்கிட்ட போங்க.

ஓ_டி_காரன்:
ஓடுறதுக்கும் கால்ல தெம்பு வேணும்ல தலைவா. அதுக்குத்தான் காலடி.

கணக்குப்புள்ளை:
ஓடுறதுக்கு பீஸ் கட்டணுமா 😀

குயிலாப்பாளையம்_காத்து:
சண்டை போட வேணாம். கராத்தே, சிலம்பம் ரெண்டை மட்டும் சொல்றீங்க, நம்ம ஊர் பக்கத்துலயே இன்னும் இருக்கு. ஆரோவில் பக்கம் ஐகிடோன்னு ஜப்பான் கலை நடக்குது, கேரளாவோட களரி நடக்குது. ஐகிடோவுல பொதுவா போட்டியே கிடையாது, யார் ஜெயிச்சாங்கங்கிற பேச்சே இல்ல, அதனால புருஷன் பொண்டாட்டி சேர்ந்து பண்ண நல்லா இருக்கும். ஜூடோ, ஐகிடோ ரெண்டுலயும் முதல் பாடம் விழுறது. தாடையை நெஞ்சோட ஒட்டிக்கிட்டு, கையால தரையைத் தட்டி, உருண்டு எழுந்திரிக்கிறது. நாப்பது வயசுல அடிபடாம விழக் கத்துக்கிட்டா அறுபதுல பாத்ரூம்ல வழுக்கும்போது உதவும்.

களரின்னா, கேரளாவுல வடகரை மீனாட்சி அம்மாவைத் தெரியும்ல, 2017-ல பத்மஸ்ரீ வாங்கினவங்க. ஏழு வயசுல ஆரம்பிச்சு, சொல்லிக்குடுத்த ராகவன் குருக்களையே கல்யாணம் பண்ணிக்கிட்டு, அவர் போனப்புறம் தானே களரியை எடுத்து நடத்தினாங்க, எழுபது தாண்டியும் புடவையை வரிஞ்சு கட்டிட்டு வாள் புடிச்சு சொல்லிக்குடுத்தாங்க, பிள்ளைங்களும் அதுலயே. முதல்ல உடம்புக்கு மெய்த்தாரி, அப்புறம் கோல்தாரி, அப்புறம் இரும்பு ஆயுதம் அங்கத்தாரி, கடைசிலதான் வெறுங்கை. கராத்தேவுக்கு நேர் தலைகீழ் பாருங்க.

வயசு வித்தியாசம் இல்லாம ஒண்ணா பண்றதைப் பாக்கணும்னா டிசம்பர் 2-ந் தேதி அரவிந்தர் ஆசிரமத்து விளையாட்டு மைதானத்துல வருஷா வருஷம் நடக்குற உடற்பயிற்சி நிகழ்ச்சிய பாருங்க. வாண்டுங்களும் இறங்குவாங்க, தலை நரைச்சவங்களும் இறங்குவாங்க. அது தற்காப்புக் கலை மட்டும் இல்ல, ஆனா தாத்தாவும் பேத்தியும் ஒரே சாயங்காலம் ஒரே மைதானத்துல இறங்குறது நம்ம ஊர்ல புதுசு ஒண்ணும் இல்ல.

தமிழ்வேங்கை_605:
கம்பு இருக்கும்போது அடுத்தவன் கலைக்குப் போறது அவமானம். எல்லாம் இங்கேருந்து போனதுதான், போதிதர்மர் தெரியுமா?

பின்குதிகால்:
போதிதர்மர் கதையை இந்த இழைல ஆரம்பிச்சா வர்ற பொங்கலுக்குக் கூட முடியாது. பெல்ட் முறையே ஜப்பான்காரனுக்கும் பழசு இல்லங்க, 1882-ல ஜிகோரோ கானோ ஆரம்பிச்ச ஜூடோ பள்ளிலேருந்து வந்ததுதான், கராத்தே அதை அப்புறம் எடுத்துக்கிச்சு. இப்ப சில சிலம்பம் கிளாஸ்லயும் பெல்ட் கட்டுறாங்க. யார் யார்கிட்டேருந்து எடுத்தாங்கன்னு பாத்தா எல்லாரும் எல்லார்கிட்டயும்தான். அந்தக்காவுக்கு எது வீட்டுக்குப் பக்கத்துல இருக்கோ, எந்த மாஸ்டர் நல்லவரோ, அதுதான் நல்ல கலை.

நைட்_ஷிப்ட்:
ஒரு ஆம்பளை குரலும் இருக்கட்டும். நானும் எஸ்டேட்ல ஷிப்ட். எங்க வீட்டம்மா இதே மாதிரி ஒரு நாள் "குடும்பமா போலாம்"னு ஆரம்பிச்சாங்க. நைட் முடிச்சுட்டு காலைல வந்து படுத்தா சாயங்காலம் அஞ்சுக்கு எழுப்பி டிரெஸ்ஸை மாட்டி விட்டாங்க. குனிஞ்சு வணக்கம் சொல்லும்போதே தூங்கிட்டேன்னு இன்னும் தெருவுல கிண்டல். உங்க வீட்டுக்காரர் வரலன்னா விட்டுடுங்க மேடம், வாரலீவுல வந்து பாத்தா போதும். ஒருத்தர் பசங்களோட போனாலே அது குடும்பமா போனதுதான்.

தெற்கு_வாசல்:
புருஷனும் வந்தா இன்னொரு பிரச்சினை இருக்கு. நானும் எங்க வீட்ல அவரும் திருப்பாதிரிப்புலியூர்ல சிலம்பம் சேர்ந்தோம். தொடுமுறைன்னு விடுவாங்க, தலைக்கவசம் போட்டுட்டு, கம்பு நுனி எதிராளி மேல பட்டா பாயிண்ட். ஆசான் தெரியாத்தனமா எங்க ரெண்டு பேரையும் ஜோடி போட்டுட்டார். நான் ஒண்ணு தொட்டேன், அவர் சிரிச்சார். ரெண்டாவது தொட்டேன், சிரிப்பு நின்னுது. மூணாவது அவர் வீசுன வீச்சுல என் விரல் கணு வீங்கி ரெண்டு நாள் அவர்தான் சாம்பார் வச்சார். "வேணும்னு பண்ணல"ன்னார், பண்ணல தான், ஆனா வீட்ல நடந்த வேற ஏதோ சண்டையும் அந்தக் கம்புல இருந்துச்சு, ரெண்டு பேருக்கும் தெரியும்.

ஓ_டி_காரன்:
இது ரொம்ப முக்கியம், நல்லவேளை சொன்னீங்க தங்கச்சி. எங்க ஆசான் சொந்தக்காரங்களை ஜோடியே போட மாட்டார். அப்பா பையன் நின்னா ஒண்ணு அப்பா சும்மா விட்டுக்குடுப்பார், பையனுக்கு அது தெரிஞ்சுடும், மூஞ்சி தொங்கிடும். இல்ல கூட்டத்துக்கு முன்னாடி பையன் தொட்டுட்டானேன்னு அப்பாவுக்கு ரோஷம் வந்து கை ஓங்கிடும். ரெண்டு வகையும் நான் கண்ணால பாத்திருக்கேன். அண்ணன் தங்கச்சின்னா இன்னும் மோசம், காலைல ரிமோட்டுக்கு நடந்த சண்டைய சாயங்காலம் மைதானத்துல தீத்துக்கும்.

அதனால அலங்கார வீச்சு, காலடி, ஒத்தக்கம்பு வரிசை இதெல்லாம் குடும்பமா பக்கத்துல நின்னு பண்ணுங்க, ஒரே தாளத்துக்கு நாலு கம்பு சுத்துனா பாக்கவும் அழகு. எதிர்ல நிக்கிறதுன்னா அடுத்த வீட்டுப் பையனோட நில்லுங்க, அவங்க அப்பா உங்க பையனோட நிக்கட்டும். உங்க மாஸ்டர் எப்படிப்பட்டவர்னு தெரியணுமா, ஜோடி எப்படிப் போடுறார்னு ஒரு நாள் உக்காந்து பாருங்க.

எலும்புக்கூடு_வைத்தியம்:
இதுக்கு நானும் ஒண்ணு சேர்க்குறேன். அமெரிக்காவுல குழந்தை மருத்துவர் சங்கம் 2016-ல ஒரு அறிக்கை விட்டாங்க, பசங்களுக்கு ஆள் மேல அடி படாத முறைதான் பாதுகாப்பு, தலைக்கவசம் போட்டா மூளை அதிர்ச்சி வராதுன்னு நம்பி இருக்காதீங்கன்னு. தலைல அடி பட்டு வாந்தி, தலைசுத்தல், குழப்பமா பேசுறது இருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி, "சின்ன அடிதான்"னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. கண்ணாடி போட்ட பசங்க கண்ணாடியோட கம்புச் சண்டைக்கு நிக்கக்கூடாது.

முத்தியால்பேட்டை_மைனர்:
ஓ.டி. அண்ணா, கல்யாணம் ஆகாதவன் மாமனார் கூட ஜோடி போடலாமா

ஓ_டி_காரன்:
முதல்ல பொண்ணு பாருடா.

லாஸ்பேட்டை_வாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கொஞ்ச நாள் ஆச்சு வந்து, மழை வேற விட்டபாடில்ல, ரெண்டு வாரம் கிளாஸே நடக்கல.

நீங்க சொன்னபடி முதல்ல டெஸ்ட் எடுத்தேன், தைராய்டு கொஞ்சம் ஏறிதான் இருந்துச்சு, மாத்திரையை மாத்தினாங்க. மாஸ்டர்கிட்ட கணக்குப்புள்ளை சார் கேட்கச் சொன்னதெல்லாம் கேட்டேன். பெயிலாக்குவாராம், போன தடவை யார் யார் பெயில்னு அவரே சொன்னார், அதுல எங்க வீட்டுக்காரரோட பிரெண்டு பையனும் ஒருத்தன். பெரியவங்க பெல்ட் டெஸ்ட் எழுதியே ஆகணும்னு கட்டாயம் இல்லையாம், சும்மா கிளாஸ் மட்டும் பண்ணலாமாம். மாசா மாசம்தான் பணம். ஜோடி போடுறதையும் வாசல்லேருந்து இல்லாம உள்ள உக்காந்து பாத்தேன், உயரம் பாத்துப் போடுறார், அண்ணன் தம்பிய பிரிச்சு விடுறார். சேர்ந்துட்டேன். கூட வாசல்ல இருந்த இன்னும் மூணு அம்மாங்களும் சேர்ந்துட்டாங்க, அப்பாங்க யாரும் அசையல.

கடைசி வரிசைதான். கத்தச் சொன்னப்ப எனக்கு சத்தமே வரல, பக்கத்துல இருந்த யூகேஜி பாப்பா திரும்பிப் பாத்து "ஆன்ட்டி வாயைத் தொறங்க"ன்னா. பையன்கிட்ட கிளாஸ்ல வாயே தொறக்கல நான், வண்டில மட்டும் ஒரு தடவை வாய் வரைக்கும் வந்துடுச்சு, முழுங்கிட்டேன்.

பொண்ணு ஒரு வாரம் யோசிச்சுட்டு சிலம்பம்னு சொல்லிட்டா. பிரெண்ட்ஸ் ரெண்டு பேரோட போறா, பொம்பள மாஸ்டர், காலை பேட்ச், மொட்டை மாடில. "நீ பாக்க வராதே"ன்னு கண்டிஷன். சரின்னுட்டேன், முதல் நாள் மட்டும் கதவு திறந்திருக்கான்னு பாத்துட்டு வந்தேன். வீட்டுக்காரர் வாரலீவுல அவளைக் கொண்டுபோய் விடுறார். எங்க வீட்ல இப்ப ரெண்டு கலை, மூணு டைம்டேபிள், துவைக்குற துணிதான் கூடிப்போச்சு.

இப்ப ஒரு சந்தேகம். அரையாண்டு லீவுக்கு கடலூர் மஞ்சக்குப்பத்துல எங்கம்மா வீட்டுக்குப் போறோம், பொண்ணு கம்பையும் எடுத்துட்டு வருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. பஸ்ல விடுவாங்களா?

ஓ_டி_காரன்:
விடுவாங்க, நாங்க எல்லாம் எடுத்துட்டுதான் போறோம். ரெண்டு நுனியிலயும் துணி சுத்திக் கட்டுங்க, உள்ள ஏறினதும் படுக்க வச்சு சீட்டுக்குக் கீழ நீளவாக்குல தள்ளிடுங்க, நட்டு வச்சா பிரேக் போடும்போது யாராவது மண்டைல விழும். கூட்டம் இல்லாத பஸ்ஸா பாத்து ஏறுங்க, காலைல ஆபீஸ் நேரம் வேணாம். ரெண்டா கழட்டி திருகி மாட்டுற கம்பும் விக்குது, ஆனா அது கைக்கு வேற மாதிரி இருக்கும், கத்துக்கிற புள்ளைக்கு வேணாம். பேசாம இங்க ஒரு பிரம்புக் கம்பு வாங்கி ஆயா வீட்லயே போட்டு வச்சுடுங்க, பெரிய விலை இல்ல. தேவனாம்பட்டினத்துக்கு காலைல அஞ்சரைக்கு வரச் சொல்லுங்க, கூட யாராவது பெரியவங்க வரணும்.

லாஸ்பேட்டை_வாசி:
அஞ்சரைக்கு அவ எழுந்திரிக்கணுமே அண்ணா. சரி, அங்கயே ஒண்ணு வாங்கிடுறேன். அவ நெத்தி இப்ப எனக்கு காது வரைக்கும் வருது, அதுக்கு எத்தனை அடி கேக்கணும்?

ஓ_டி_காரன்:
அடிக்கணக்கு சொல்லி வாங்காதீங்க, ஆளைக் கூட்டிட்டுப் போய் பக்கத்துல நட்டு வச்சுப் பாத்து வாங்குங்க. வளர்ற புள்ள, ரெண்டு விரக்கடை கூட இருந்தா தப்பில்ல.